வண்ணப் பவளமீனை இனங்காணுதல்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கடல்மீன் தொட்டியின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் நிறத்தை வைத்தே மீனுக்குப் பெயர் சொல்கிறார்கள். பவளப்பாறை மீன்களில் மிக எளிதாக ஏமாற்றும் அடையாளமும் அதுதான். ஆகவே வடிவம், எண்ணிக்கை, வாழிடம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே நிறத்துக்கு வரும் முறையை, கோமாளி மீனை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் படம்

மீன் பக்கவாட்டில் திரும்பி, துடுப்புகளை விரித்திருக்கும் நேரத்தில் படமெடுங்கள். கடைத் தொட்டிகளில் நீல எல்இடி விளக்கு எரிந்தால் அதை அணைத்து, வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கடலுக்குள் நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிக்கொள்வதால், சில மீட்டர் ஆழத்திலேயே ஆரஞ்சு நிறம் மங்கத் தொடங்கிவிடும். அங்கே டார்ச் வேண்டும்.

இரண்டாவதாகக் குடும்பம்

இனப்பெயருக்கு அவசரப்படாமல், மீன் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்யுங்கள். தட்டு போன்ற உடலும் குவிந்த சிறு வாயும் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி மீனாக இருக்கலாம். அதே வடிவத்தோடு கன்னத்தின் கீழ்ப்பகுதியில் பின்னோக்கிய வலுவான முள்ளும் இருந்தால் அது ஏஞ்சல் மீன். வாலை அதிகம் ஆட்டாமல் மார்புத் துடுப்புகளால் துழாவிச் செல்வது ராஸ் அல்லது கிளிமீன். கோமாளி மீன் சேர்ந்திருப்பது டாம்சல் குடும்பத்தில். இக்குடும்பத்தின் பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு நாசித்துளைதான் உண்டு.

மூன்றாவதாக எண்ணிக்கை

பொறுமை மிகவும் தேவைப்படுவது இந்தப் படியில்தான். மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஆரஞ்சுக் கோமாளி மீன், ஒசெல்லாரிஸ், பெர்குலா என்னும் இரு இனங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். முதுகுத் துடுப்பின் முன்பகுதியிலுள்ள கடினமான முட்கள் ஒசெல்லாரிஸில் பெரும்பாலும் 11, பெர்குலாவில் பெரும்பாலும் 10. உடல் கறுத்து, இரண்டு வெள்ளைப் பட்டைகள் மட்டும் இருந்து, நடுப்பட்டை மேலே போகப்போகப் பின்பக்கம் சாய்ந்து முதுகுத் துடுப்பில் ஏறினால், அது மன்னார் வளைகுடாவிலும் வாழும் செபே இனம். அதைப் போலவே தோன்றினாலும் வாலின் அடியில் மூன்றாவது வெள்ளைப் பட்டை தெரிந்தால் கிளார்க்கி என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒரே இடத்தில் இரண்டு அளவுகளில் மீன்கள் நின்றால் அவற்றை இரண்டு இனங்களாகக் கொள்ள வேண்டியதில்லை. கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அது இறந்தால் அடுத்த நிலையிலுள்ள ஆண், பெண்ணாக மாறும்.

நான்காவதாக வாழிடம்

சென்னைக் கடலோரம் மணற்பாங்கானது; இங்கே இயற்கையான பவளத்திட்டு கிடையாது. தமிழ்நாட்டில் பவளப்பாறைகளைக் காண பாக் விரிகுடாவுக்கோ மன்னார் வளைகுடாவுக்கோதான் போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் கொண்ட பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; அங்கே எதையும் தொடாமலும் எடுக்காமலும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மீனைக் கண்ட இடத்தின் ஆழம், தரை மணலா பாறையா பவளமா என்பது, அருகிலிருந்த உயிர்கள் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். கோமாளி மீன்கள் தங்குவது கடற்சாமந்தி (சீ அனிமோன்) என்னும் பூப்போன்ற கடல் விலங்குக்குள். செபே விரும்பித் தங்கும் கம்பளக் கடற்சாமந்தி மணலில் பதிந்து வாழ்வதால், அந்த மீனைப் பவளத்தின் உச்சியில் தேடுவதைவிடப் பவளத்தை ஒட்டிய மணல்வெளியில் தேடுவது பயன் தரும். ஆனால் கடற்சாமந்திக்குள் இருப்பதெல்லாம் கோமாளி மீன் என்று கொள்ளக் கூடாது. கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் கொண்ட டாமினோ டாம்சலின் குஞ்சுகளும் அங்கே ஒதுங்கும், வளர வளர அந்தப் புள்ளிகளும் மங்கிவிடும்.

கடைசியாக நிறமும் சரிபார்ப்பும்

இதுவரை கிடைத்த விடையோடு நிறம் பொருந்துகிறதா என்று இப்போது பாருங்கள். பண்ணையில் பெருக்கிய கோமாளி மீன்களில் பட்டைகள் உடைந்தும் ஒன்றோடொன்று கலந்தும் வருவதுண்டு. அவற்றுக்கு முள் எண்ணிக்கையையே நம்பலாம். பிறகு மீன் இனங்களின் தகவல் தளமான ஃபிஷ்பேஸில் அந்த இனத்தின் பரவல் பகுதியை ஒப்பிட்டுவிட்டு, உயிரினங்களைக் கண்ட இடத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றுங்கள். கடையில் எடுத்த படமானால் வளர்ப்பு உயிர் என்று மறவாமல் குறியிடுங்கள். இல்லாவிட்டால் வரைபடத்தில் கொளத்தூரும் கோமாளி மீனின் வாழிடமாகிவிடும்.