சிக்கனும் கிச்சனும்: சீன மாணவருக்கு ஆங்கிலம் சொல்லித்தரும்போது செய்யக்கூடாதவை

"என் அம்மா சிக்கனுக்குள் இருக்கிறார், ராத்திரிக்குக் கிச்சன் சமைக்கிறார்." சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆரம்பித்த புதிதில் என் கைக்கு வந்த ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி. சிரித்துவிட்டேன், அது முதல் தவறு. சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'கவனமாகப் பார்' என்று எழுதினேன், அது அதைவிடப் பெரிய தவறு.

கவனமாகப் பார்ப்பதில் அவர்களுக்கு நாம் பாடம் எடுக்கவே முடியாது. சீன எழுத்து ஒன்றில் இரண்டு படுக்கைக் கோடுகள் வரும். மேல்கோடு நீளமாக இருந்தால் 'முடிவு', கீழ்க்கோடு நீளமாக இருந்தால் 'இன்னும் இல்லை'. இன்னொன்றில் வளைவின் வாய் முழுக்கத் திறந்திருந்தால் 'தான்', பாதி மூடியிருந்தால் 'ஏற்கெனவே'. இதையெல்லாம் சின்ன வயதிலேயே பிரித்துப் பழகிய கண்கள் அவை. சிக்கல் காதில் இருக்கிறது. சிக்கன், கிச்சன் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஏழு ஏழு எழுத்து, அதில் ஆறு பொது, வரிசைதான் மாறும். சொல்லை ஒரு படமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறவருக்கு இரண்டும் ஒரே படம் மாதிரிதான் மனதில் தங்கும். எழுத்தைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஓசை கேட்டால் இந்தக் குழப்பம் வராது. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் ஆங்கிலம் படிக்கும் கொரிய மாணவர்களையும் சீன மாணவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: கொரியர்கள் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் சறுக்கினார்கள், சீனர்கள் ஒரே மாதிரி தெரியும் சொற்களில். கொரிய எழுத்து ஒலியைக் காட்டும் எழுத்து என்பதை நினைத்துக்கொண்டால் காரணம் புரிந்துவிடும்.

ஏஞ்சல், ஆங்கிள் என்ற ஜோடியைப் பாருங்கள். நமக்கு இதில் என்ன குழப்பம் என்றுதான் தோன்றும், ஏனென்றால் தமிழில் எழுதும்போதே இரண்டும் வேறு வேறு ஓசை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் கடைசி இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வடிவியல் கணக்கில் தேவதைகள் வந்து நிற்பார்கள். இந்த மாதிரி இடங்களில் எழுத்தைக் காட்டாமல் முதலில் சொல்லிக் காட்டுங்கள், அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை சொல்லட்டும், மேசையில் தட்டி அசை பிரிக்கட்டும். எழுத்தை அப்புறம் காட்டலாம். தமிழில் க்வைட் என்றே நாம் எழுதிவிடும் ஜோடிக்கும் இதேதான்: 'அமைதி' என்ற பொருளுள்ளது க்வை-எட் என்று இரண்டு தட்டு, 'ஓரளவு' என்ற பொருளுள்ளது ஒரே தட்டு.

அடுத்தது, ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சீனச் சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய விடுவது. என்னைக் கேட்டால் பாதிக் குழப்பத்துக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அஃபெக்ட் (பாதிப்பது), எஃபெக்ட் (விளைவு) இரண்டுக்கும் அவர்கள் நோட்டில் 'யிங்ஷியாங்' என்றே எழுதியிருக்கும். சீனத்தில் அது பெயராகவும் வரும், வினையாகவும் வரும், சொல் மாறாது. எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் ஒன்று என்றால் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு பிரிக்கும்? எகனாமிக், எகனாமிகல் இன்னும் மோசம், இரண்டும் 'ஜிங்ஜி'. பொருளாதாரமும் ஜிங்ஜிதான், சிக்கனமும் ஜிங்ஜிதான். அதனால் 'நாட்டின் சிக்கனமான நெருக்கடி' என்று பொருள்படும் வாக்கியங்கள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பொருளை விளக்கிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டாளியைக் கொடுத்துவிடுங்கள்: எகனாமிக் க்ரோத், எகனாமிக் பாலிசி ஒரு பக்கம், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் கார் எகனாமிகல் கார், அது இன்னொரு பக்கம்.

அடாப்ட் ஜோடியைத் தமிழில் எழுதினால் நமக்கே இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, எனவே ஏ-அடாப்ட், ஓ-அடாப்ட் என்று வைத்துக்கொள்வோம். சூழலுக்குப் பழகிக்கொள்வது ஏ. ஒரு முறையை ஏற்பது, குழந்தையைத் தத்தெடுப்பது ஓ. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதும் கட்டுரைகளில் ஓ-அடாப்டுக்குப் பின்னால் 'டு' போட்டு, 'புதிய சூழலுக்குத் தத்தெடுக்க வேண்டும்' என்கிற மாதிரி எழுதிவைப்பார்கள். இங்கே ஒரு சின்னச் சோதனை போதும். பின்னால் 'டு' வருகிறதா, ஏ. நேராகப் பெயர்ச்சொல் வந்து உட்காருகிறதா, பெரும்பாலும் ஓ. கதை சொல்லிப் புரியவைப்பதைவிட இந்த 'டு' அதிகம் உதவுகிறது.

ஓசையை வைத்து வேடிக்கையாக மனப்பாடம் செய்யும் வழக்கம் சீனாவில் பலமாக உண்டு, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆம்புலன்ஸ் என்றால் 'ஆன் பு நெங் ஸ்', அதாவது 'நான் சாகக் கூடாது'. எகானமி என்றால் 'யீ காவ் நோங் மின்', 'விவசாயிகளை நம்பியிரு'. கேட்டவுடன் ரசித்தேன், இப்போதும் ரசிக்கிறேன். ஆனால் உச்சரிப்பு சீன அசைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கிளப்புவது பெரும்பாடு. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ஓர் அசை உயிரொலியிலோ ன், ங் மாதிரி மூக்கொலியிலோ முடியும், பெய்ஜிங் பக்கம் போனால் ர் சேரும். ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்டுவதே பல நேரம் கடைசி மெய்தான், அந்த இடத்தில் ஓசை மங்கிவிட்டால் மறுபடியும் கண்ணை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் மாதிரி ஜோடி இல்லாத தனிச் சொல்லுக்கு இந்த விளையாட்டு இருந்துவிட்டுப் போகட்டும், ஜோடிச் சொற்களுக்கு வேண்டாம்.

இதையெல்லாம் தெரிந்த ஆசிரியர்களே செய்யும் தவறு ஒன்று உண்டு. 'ஷிங்ஜின்ட்ஸ்' என்று, அதாவது வடிவத்தில் நெருங்கிய சொற்கள் என்று, ஜோடி ஜோடியாகப் போட்ட அட்டவணைகள் சீன மாணவர்களிடையே சகஜம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டுமே புதுசாக இருக்கும்போது ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தால், அதுவரை இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்கிவிடுகிறோம். எது எது என்று கடைசிவரை சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். அகரவரிசைச் சொல்புத்தகமும் இதே வேலையைத்தான் செய்கிறது. (அந்தப் புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல் 'அபாண்டன்', கைவிடு என்று அர்த்தம். முதல் பக்கத்திலேயே புத்தகத்தைக் கைவிட்டோம் என்று சீன மாணவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வார்கள்.) ஒன்றை மட்டும் எடுங்கள், கூட்டாளிச் சொற்களோடு இரண்டு மூன்று வாரம் புழங்கவிடுங்கள், அது நன்றாகப் படிந்த பிறகு மற்றதைக் கொண்டுவாருங்கள். அட்டவணை வேண்டுமானால் கடைசியில், திருப்பிப் பார்க்கும்போது.

ஸ்பெல்-செக்கை நம்பச் சொல்லாதீர்கள். டெசர்ட்டில் எஸ் ஒன்று வந்தால் பாலைவனம், இரண்டு வந்தால் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு, இரண்டுமே சரியான எழுத்துக்கூட்டல் என்பதால் பல நேரம் சிவப்புக்கோடு விழாது.

எல்லா ஜோடிக்கும் மெனக்கெடவும் வேண்டாம். எழுதுபொருளுக்கும் அசையாமல் நிற்பதற்கும் உள்ள ஸ்டேஷனரி ஜோடி, தலைமையாசிரியரும் கொள்கையுமான பிரின்சிபல் ஜோடி, இவற்றில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறுகிறார்கள். ஆறு மாதம் படித்த பிள்ளையிடம் அதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். நான் அங்கே பென்சிலால் சின்னதாகத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், சிவப்பு மை சிக்கனுக்கும் கிச்சனுக்கும்தான்.