பிரிந்த இசைக்குழு மீண்டும் மேடையேறும்போது ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஆகஸ்டில் பாரிஸில் மேடையேறும் நேரத்தில் அண்ணன் நோயல் கேலகருக்கும் தம்பி லியாமுக்கும் மூண்ட சண்டையில் உடைந்துபோன பிரிட்டனின் ஒயாசிஸ் ராக் இசைக்குழு, 2025 ஜூலை 4 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில் மீண்டும் ஒன்றாக மேடையேறியது. ஏறக்குறைய 16 ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்களின் ஏக்கம் நியாயமானதுதான். ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஏக்கத்தில் பிறக்கும் அவசரத்தால் வருபவை.

அவசரம் முதலில் வெளிப்படுவது டிக்கெட் வாங்கும்போதுதான். 2024 ஆகஸ்ட் 31 அன்று இணைய வரிசையில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், சுமார் 150 பவுண்டு என்று எண்ணியிருந்த நின்று பார்க்கும் டிக்கெட், தங்கள் முறை வந்தபோது 350 பவுண்டைத் தாண்டியிருப்பதைக் கண்டார்கள். முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருந்ததால் பலர் யோசிக்காமல் பணம் கட்டினார்கள். எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பதை வரிசையில் சேர்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளாததே இங்கே தவறு. டிக்கெட்டின் ‘பிளாட்டினம்’ என்ற பெயரைப் பார்த்து நல்ல இடம் என்று நம்புவது இன்னொன்று. பிரிட்டனின் போட்டி, சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இந்த விற்பனையை ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட டிக்கெட்டுகளில் சில, கூடுதல் வசதி எதுவுமின்றி ஏறத்தாழ இரண்டரை மடங்கு விலைக்கு விற்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது.

டிக்கெட் கிடைக்காதவர்கள் உடனே இடைத்தரகர்களிடம் ஓடுவது அதைவிட மோசம். பொறுத்திருந்தால் வேறு வாய்ப்பு வரலாம்: ஒயாசிஸ் முதலில் அறிவித்த 14 நிகழ்ச்சிகளுடன் விற்பனை தொடங்கும் முன்பே மூன்றும், பின்னர் லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் இரண்டும் சேர்க்கப்பட்டன. அனுமதிக்கப்பட்ட தளங்களில் அச்சிட்ட விலைக்கே மறுவிற்பனை நடந்தது. பிற தளங்களில் விற்கப்படும் டிக்கெட்டுகள் ரத்தாகலாம் என்று ஏற்பாட்டாளர்கள் வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார்கள். ஆனால் எல்லாக் குழுக்களும் இப்படி நாள்களைக் கூட்டிக்கொண்டே போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் இன்னொரு ராக் குழுவான லெட் செப்பெலின் 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரே ஓர் இரவு வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

இளவயதில் ஒலிநாடாவில் கேட்ட அதே குழு அப்படியே வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்திற்கே வழி. லெட் செப்பெலினின் அந்த லண்டன் இரவில், முன்பே மறைந்துவிட்ட டிரம்மர் ஜான் பானமின் இடத்தில் அமர்ந்தவர் அவருடைய மகன் ஜேசன். ஒயாசிஸில் தொடக்ககால கிட்டார் கலைஞர் போன்ஹெட் திரும்பி வந்தார். டிரம்ஸுக்கோ ஜோயி வாரோங்கர் என்ற புதியவர் வந்தார். பாடல் வரிசையும் இரவுக்கு இரவு பெரிதாக மாறவில்லை. பெரும்பாலும் 1994 முதல் 1997 வரை வெளியானவையே பாடப்பட்டன. பிற்கால இசைத்தட்டுகளை விரும்புகிறவர், முதல் இரவின் பாடல் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைப் பற்றி யோசிப்பது நல்லது. வியப்பு கெட்டுவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு விலை கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

பை, காது, ரயில் ஆகிய மூன்றையும் பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல பிரிட்டன் மைதானங்கள் உள்ளே விடுவதில்லை. இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்த அளவே இரண்டு மணி நேரத்திற்கு அதிகம் என்பதால் காதடைப்பான் அவசியம். நிகழ்ச்சி முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே ரயில் நிலையத்திற்குத்தான் நடப்பார்கள் என்பதால், கடைசி ரயிலை மட்டும் நம்பாமல் அருகிலேயே தங்க இடம் பார்த்துவைக்க வேண்டும்.

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஒரு பாடலுக்கு முன் லியாம் கூட்டத்தைப் பார்த்து, மேடைக்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் இருப்பவரின் தோளில் கைபோட்டுக் குதிக்கச் சொல்வார். மான்செஸ்டர் சிட்டி கால்பந்து ரசிகர்களின் வழக்கம் அது. படம் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அப்போது தோளில் போட ஒரு கைதான் மிச்சம்.