மழைக்காலத்தில் துப்பாக்கிக் கட்டையில் பூசணம் பிடிக்காமல் காப்பது எப்படி?

குடகு வீடுகளிலும் நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களிலும் ஜூன் மாதத்தில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய துப்பாக்கியை, செப்டம்பர் தொடக்கத்தில் வரும், கொடவர்கள் ஆயுதங்களை வணங்கும் கைல்போல்து வழிபாட்டுக்காகவோ வேறு தேவைக்காகவோ வெளியே எடுக்கும்போது, அதன் வால்நட் மரக்கட்டையின் (தோளில் தாங்கிப் பிடிக்கும் மரப்பகுதி) மீது சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உடனே எண்ணெய் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. பூசணத்துக்குக் காரணம் துப்பாக்கி இருக்கும் இடத்தின் காற்று. அதைச் சரிசெய்யாமல் கட்டைக்கு எதைப் பூசினாலும் பயன் நிலைக்காது.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூசணம் வளரத் தொடங்கும். ஆகவே ஈரப்பதத்தை அளக்கும் சிறிய ஹைக்ரோமீட்டர் ஒன்றை பீரோவுக்குள் வைத்து, அளவு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். 40-க்கும் கீழே போனால் மரம் சுருங்கி வெடிக்கக்கூடும் என்பதால் மிகையான உலர்வும் வேண்டாம். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இதற்குப் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓரிரு மணி நேரம் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். கற்பூரமும் அந்துருண்டையும் பூச்சியை விரட்டலாமே தவிர, ஈரத்தைக் குறைக்காது.

பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தோல் உறையும் பஞ்சு வைத்த பெட்டியும் துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கு உரியவை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அவற்றுக்குள் மாதக்கணக்கில் துப்பாக்கியை வைப்பதைவிடக் கெடுதலானது வேறில்லை.

உள்ளே வைக்கும் முன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை, தோட்டா அமரும் அறையைத் (சேம்பர்) திறந்து கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்யுங்கள். பிறகு கட்டையின் பின்தட்டை, அதாவது தோளில் பதியும் முனையை மூடியிருக்கும் தட்டை, கழற்றிப் பாருங்கள். மேற்புறம் பளபளவென்று இருந்தாலும், தட்டின் அடியில் பூச்சு எதுவும் ஏறாத மரத்தின் குறுக்குவெட்டுதான் ஈரத்தை வேகமாக இழுக்கும். திருகுத் துளைகளைச் சுற்றி வெண்மையாகப் பஞ்சு போல் ஒட்டியிருப்பதை முதலில் அங்கேதான் காண முடியும்.

எண்ணெய்ப் பூச்சு உள்ள கட்டையாக இருந்தால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்) அந்த வெட்டுப்பகுதியிலும் சேர்த்து மெல்லியதாகத் தேய்த்து, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பின்பே பூட்டி வையுங்கள். காய்ச்சாத எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுத்துப் பூசணத்துக்கு உணவாகிவிடும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

ஏற்கெனவே பூசணம் பிடித்திருந்தால் முகக்கவசம் அணிந்து, திறந்தவெளியில் மென்மையான பிரஷ்ஷால் தட்டி அகற்றி, சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் திரவம் இரும்பை அரிக்கும். ஸ்பிரிட், அரக்கால் ஆன பிரெஞ்சு பாலிஷ் பூச்சைக் கரைத்துவிடும். கடும் வெயில் மரத்தில் விரிசலை உண்டாக்கும்.

தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க நேரும்போதும் இதே தயாரிப்பைச் செய்துவிட்டு, பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் கொடுங்கள். திரும்பப் பெற்ற அன்றே பின்தட்டைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.