சிந்தசைசரில் வந்த வெடிப்புச் சத்தம் நின்றது இப்படித்தான்

கணினியில் ஓடும் சிந்தசைசர் மென்பொருளில், பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி) ஒலியில் நான்கு சுரம் சேர்ந்த ஒரு கார்டை அழுத்தினாலே படபடவென்று வெடிப்புச் சத்தம். பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குத் தயாரித்து வைக்கும் ஒலித் துண்டின் அளவை, 128-லிருந்து 512 சாம்பிளுக்கு ஏற்றியதும் நின்றது. ஆனால் 48,000 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் ஏறத்தாழ 10.7 மில்லிசெகண்ட். ஒலி டிரைவரின் (ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தாமதமும் சேர்ந்தபோது, ஒலி பின்தங்கி வருவது விரலுக்கே தெரிந்தது. வாசிக்கிறவருக்கு இது பெரிய இம்சை.

அப்புறம் சிபியு மீட்டரைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். விரலை எடுத்த பிறகும் மீட்டர் இறங்கவில்லை! ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி அடங்க ஆகும் நேரம்) நீளமாக இருந்ததால், பழைய சுரங்கள் அடங்குவதற்குள் புதியவை சேர்ந்துகொண்டே போயின. யூனிசன் (ஒரே சுரத்துக்கு அடுக்கும் ஒலிப் பிரதிகள்) வேறு 7. நான்கு சுரத்துக்கே 28 ஆஸிலேட்டர் (ஒலியை உருவாக்கும் பகுதி). பாலிஃபொனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) 32-லிருந்து 12 ஆக்கி, யூனிசனை 3-க்குக் குறைத்தேன். பேட் கொஞ்சம் மெலிந்தது, ஆனால் கோரஸ் எஃபெக்ட் அதை ஈடுகட்டிவிட்டது. பஃபரை மறுபடியும் 128-க்கு இறக்கியும் வெடிப்பு வரவில்லை.

ஓவர்சாம்பிளிங்கை (ஒலித் தரத்துக்காக இன்னும் அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) வாசிக்கும்போது அணைத்துவிடுகிறேன். ஃபைலாக ரெண்டர் செய்யும்போது மட்டும் போட்டால் போதும், அங்கே நேரம் கூடினாலும் பரவாயில்லை. விண்டோஸில் ஆஸியோ (ASIO, தாமதம் குறைந்த ஒலி டிரைவர் வகை) டிரைவரைத் தேர்ந்தெடுப்பதும், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவதும் உதவலாம். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டே வாசியுங்கள்.