மலைமேல் காபி ஷெட்: காசைத் தரையில் போடுங்கள்

ஏற்காட்டுப் பக்கம் யாராவது ஷெட் போடப் போகிறேன் என்றால், அடுத்த பேச்சு தகரம் என்ன விலை என்றுதான் போகும். நான் தரையிலிருந்து ஆரம்பிப்பேன். மேலே விழும் மழையைக் கூரை பார்த்துக்கொள்ளும். கீழே இருந்து ஏறும் ஓதமும் பக்கவாட்டில் நுழையும் பனிமூட்டமும்தான் காய வைத்த காபியைப் பூசணம் பிடிக்க வைக்கும்.

எங்களுக்கு நாகலூர்ப் பக்கம் ஐந்து ஏக்கர். அரபிகா காபி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகு. தோட்டம் வீட்டுக்காரர் பொறுப்பு, மூட்டையும் கணக்கும் என் பொறுப்பு. அதனால் ஷெட்டும் என் தலையில்தான் விழுந்தது.

முதலில் ஒரு தாளில் எந்த மாதம் என்ன உள்ளே வரும், எப்போது வெளியே போகும் என்று எழுதுங்கள். எங்களுக்கு பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உள்தோலோடு காய வைத்த காபிக் கொட்டை), செர்ரி (முழுப் பழமாகவே காய வைத்தது), மிளகு எல்லாம் சேர்த்து ஐம்பது மூட்டை வரும். ஒரு மூட்டைக்கு மூன்றுக்கு இரண்டு அடி இடம். ஆறு மூட்டை உயரம் அடுக்கினால் ஒன்பது அடுக்கு, 54 சதுர அடி. சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது, சுற்றிலும் ஒன்றரை அடி விட வேண்டும், நடுவில் ஆள் போகவும் வேண்டும். ஆக 12-க்கு 12 அறை. பக்கத்தில் 6-க்கு 12 உர அறை, எடை போட, சாக்கு தைக்க அதே அளவில் திண்ணை. மொத்தம் 24-க்கு 12. "பெரிசா போட்டுடுங்கக்கா, பின்னாடி உதவும்" என்பார்கள். காலியாகக் கிடக்கும் இடத்தில் உடைந்த சாமான்தான் சேரும், அதில் பெருச்சாளி குடியேறும்.

உர அறைக்கும் காபி அறைக்கும் நடுச்சுவர் கூரை வரை போக வேண்டும், நடுவே கதவு கூடாது. காபி பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். டீசல், பூச்சி மருந்து, யூரியா எதுவும் அதன் மூச்சுக்கே வரக் கூடாது. என் மாமியார் காலத்தில் மிளகை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். மிளகுக்கு அது சரி. காபிக்குப் புகை வாடை ஏறினால் வாங்குகிறவர் முகர்ந்து பார்த்ததுமே விலையைக் குறைப்பார்.

இடம் பார்க்கும்போது காபி காய வைக்கும் களத்தை ஒட்டியே பாருங்கள். மூன்று மணிக்கு மூட்டம் இறங்கினால் வாரிக்கொண்டு ஓடும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். சில்வர் ஓக் அடியில் வேண்டாம், காற்றுக்குக் கிளை முறியும். காட்டெருமை வழக்கமாக நடக்கும் தடத்திலும் வேண்டாம், அது தன் வழியை மாற்றிக்கொள்ளாது.

சரிவைச் சமன் செய்யும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார்கள். ஷெட் முழுக்க வெட்டிய பகுதியிலேயே நிற்கட்டும். கொட்டிய மண் மழைக்கு இறங்கும், மேலே நிற்கும் சுவர் கீறல் விடும். அந்த இடத்தை வண்டி திரும்ப விட்டுவிடுங்கள். வெட்டிய மண்சுவருக்கும் ஷெட்டுக்கும் நடுவே நான்கு அடியாவது இடைவெளி வேண்டும். அதில் ஒரு வாய்க்கால் எடுத்து, மலையிலிருந்து வரும் தண்ணீரை ஷெட்டைத் தொடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். கூரைத் தண்ணீரும் அதே வாய்க்காலுக்குப் போகட்டும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இது மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் உள்ள இடம். மண் வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் என்னென்ன அனுமதி வேண்டும் என்று பட்டா, புல வரைபடத்தோடு ஊராட்சியிலும் தாலுகா ஆபீஸிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குறுக்கே மரம் நின்றால், சொந்த நிலம்தானே என்று கோடாலி எடுக்காதீர்கள். அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

வேலையை அறுவடை முடிந்த கையோடு, பிப்ரவரியில் ஆரம்பிப்பது நல்லது. ஏப்ரல், மே கோடை மழைக்குள் கூரை ஏறிவிட வேண்டும். சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வர வேண்டும். சாமானை விட வண்டி வாடகை கடிக்கும். மேஸ்திரியிடம் மொத்தக் கணக்கையும் வாங்கி, பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஏதாவது தேவையா என்று கேட்டு லோடைச் சேர்த்துப் போடுங்கள்.

இப்போது தரை. கடக்காலைக் கெட்டி மண் வரும் வரை தோண்டி, கருங்கல் கட்டில் பேஸ்மட்டத்தைத் தரைமட்டத்திலிருந்து இரண்டு அடி ஏற்றுங்கள். சுவர் தொடங்கும் முன் பேஸ்மட்டத்தின் தலையில் ஒன்றரை அங்குலம் 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு பங்கு), ஈரத்தடுப்புப் பவுடர் கலந்து. இது இல்லாவிட்டால் தரையை எப்படிப் போட்டாலும் ஓதம் சுவர் வழியே ஏறிவிடும்.

உள்ளே மண்ணைத் தண்ணீர் விட்டு நன்றாக இடித்து, கரையான் மருந்து அடித்து, அதன்மேல் 40 எம்எம் ஜல்லி ஆறு அங்குலம். பெரிய ஜல்லியின் இடுக்கில் ஈரம் மேலே ஏறாது. பொடி மண்ணில்தான் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். ஜல்லியின் கூர் குத்தாமலிருக்க எம்-சாண்ட் இரண்டு அங்குலம் பரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரியுங்கள். ஒட்டு வரும் இடத்தில் ஒரு அடி மேலேற்றி டேப் ஒட்டி, ஓரங்களைச் சுவரில் ஈரத்தடுப்பு மட்டம் வரை மடித்து ஏற்ற வேண்டும். "ஷெட்டுக்கு எதுக்குங்கக்கா பிளாஸ்டிக்கு?" என்று எங்கள் கொத்தனார் கேட்டார். சிமெண்ட் சட்டியோடு அதன்மேல் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கும் அந்த ஷீட்டின் மேல் நம்பிக்கை குறையும், அதனால் கான்கிரீட் போடும்போது பக்கத்திலேயே நின்றேன். நான்கு அங்குலம் 1:2:4, மேலே வழவழப்பாகப் பூச்சு. பத்து நாள் தண்ணீர் கட்டுங்கள். மார்ச்சில் ஊற்று வற்றும், தண்ணீரை முன்பே தொட்டியில் பிடித்து வையுங்கள்.

சுவர் எட்டு அங்குல ஹாலோ பிளாக் போதும், வெளிப்பூச்சு கட்டாயம். எதிரெதிர்ச் சுவரில் மேலே இரண்டு, கீழே இரண்டு காற்றுத் துவாரம். அவற்றுக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையும், மூடித் திறக்கும் பலகைக் கதவும் வேண்டும். நல்ல வெயிலில் திறப்போம், மூட்டம் வந்தால் மூடிவிடுவோம். எப்போதும் திறந்திருக்கும் ஜாலி (துளை வைத்த சுவர்) சமவெளிக்குச் சரி, இங்கே அது மூட்டத்துக்கு வாசல்.

கூரைக்கு ஓடு அழகு, குரங்கு விடாது. தகரம்தான். இருபுறச் சரிவு, மூன்றடிக்கு ஓரடி சாய்வு, தாழ்வாரம் இரண்டரை அடி என்று வைத்தால் 12 அடி அகல ஷெட்டுக்குப் பக்கத்துக்குப் பத்தடித் தகரம் ஒன்று போதும். ஒட்டு இல்லை, சின்ன வண்டியிலும் ஏறிவிடும். ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவைத் தகரத்தின் மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். இரவில் தகரம் குளிர்ந்து அடியில் வியர்த்துச் சொட்டும். அதனால் காபி அறைக்கு மட்டுமாவது அட்டை சீலிங்கோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். கதவு நான்கடி அகலம், வெளியே திறக்கும்படி. கீழ் ஓரத்தில் எலி கடிக்காமல் தகரப் பட்டை.

கட்டி முடித்ததும் மூட்டையை ஏற்றிவிடாதீர்கள். புதுச் சிமெண்ட் வாரக்கணக்கில் ஈரம் விடும். ஒரு மீட்டர் சதுர பிளாஸ்டிக்கைத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். துளி இல்லை என்றால் சில்வர் ஓக் ரீப்பரில் ஆறு அங்குல உயரச் சட்டம் செய்து அதன்மேல் அடுக்கலாம். பார்ச்மென்ட் 10 சதவீத ஈரத்துக்கும், அரபிகா செர்ரி 10.5-க்கும் காய்ந்த பிறகுதான். காயாத மூட்டை ஒன்று உள்ளே போனாலும் பக்கத்து மூட்டை அதன் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் போட்ட தரையைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.