மூன்றாம் நாள்தான் தூக்கம் வந்தது

ஆறு மாதமாக அதிகாலை 3.30க்கே விழிப்பு. கணக்கேட்டில் ஒரே நிரலை மூன்று முறை கூட்டினால் மூன்று விடை. இரத்தப் பரிசோதனையில் குறையேதுமில்லை. இது வேலைச் சோர்வு. அதை நோயாக அன்றி, பணியோடு வருகிற நிலையாகத்தான் உலக சுகாதார நிறுவனமும் 2019இல் விளக்கியது. மருந்து தேடியது வீண். போயா (பௌர்ணமி) விடுமுறையில் இரண்டு நாள் நுவரெலியா போனேன். பஸ்ஸிலேயே பொழுது கழிந்து, முன்னிலும் களைத்துத் திரும்பினேன்.

பிறகு ஐந்து நாள் லீவு, பாசிக்குடாக் கடற்கரையில். மட்டக்களப்பிலிருந்து சுமார் 35 கிலோமீற்றர்தான். முதல் நாள் முழுதும் மணிக்கொரு அழைப்பு. கை அடிக்கடி சட்டைப்பையைத் தடவியது. உள்ளே அலுவலக அலமாரிச் சாவி! துருப்பிடித்த வளையத்தில் அந்த ஒற்றைச் சாவியை நானே சுமந்து வந்திருக்கிறேன். கோப்பு வேண்டியவர்கள் என்னைத்தானே கேட்பார்கள்? மாலையே சக ஊழியரை வரவழைத்துச் சாவியையும், பாதியில் நின்ற வேலைகளின் பட்டியலையும் கொடுத்தேன். அழைப்புகள் நின்றன.

இரண்டாம் நாளும் 3.30க்கே விழித்தேன். மனம் தளரவில்லை. நெடுந்தூரம் போயும் இடுப்பளவே இருக்கும் அந்தக் கடலில் மாலைவரை கிடந்தேன். மூன்றாம் நாள் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பாடா!

அடுத்த லீவு செப்டெம்பரில், மாரி மழைக்கு முன். சாவி புறப்படுமுன்பே கைமாறும்.