தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு: கொரோனாவில் நாம் செய்த தவறுகள்

கடன் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று 2020 ஊரடங்கில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும், கேள்வியே கேட்காமல் சம்மதம் அனுப்பியவன் நான். அம்பத்தூரில் எனக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று படித்துவிட்டேன்.

ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை மொத்தம் ஆறு மாதம் அனுமதித்தது. வட்டி மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. 8 சதவீத வட்டியில் 10 லட்சம் பாக்கி, இன்னும் 15 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத வட்டி சுமார் 40,000 ரூபாய் அசலோடு சேரும். தவணைத் தொகை மாறாவிட்டால், விட்ட ஆறையும் கட்டிய பிறகு கூடுதலாக 14, 15 தவணை கட்ட வேண்டும். பிற்பாடு திருப்பித் தந்தது வட்டிக்கு வட்டியை மட்டும்தான். இந்தக் கணக்கில் அது ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது. வேலை போனவர்களுக்குத் தள்ளிவைப்பு நல்ல ஏற்பாடு. என்னைப் போன்றவர்கள் எடுத்ததுதான் தவறு.

கிரெடிட் கார்டு பாக்கியைத் தள்ளிவைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். அங்கே வட்டி மாதத்துக்கே 3 சதவீதம், அதற்கு மேலும் போகும். நகையை வங்கியில் வைத்து கார்டை அடைத்திருக்கலாம். ஆனால் நகை அடகுக்குப் போனால் வீட்டுக்கே தெரியும், கார்டு கடன் யாருக்கும் தெரியாது. மனசு போட்ட கணக்கு அது.

சரி, உடம்புக்கு வருவோம். 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் ஊசி மருந்துக்கு நின்ற வரிசை ஞாபகம் இருக்கிறதா? ஆளோடு ஆள் ஒட்டிய கூட்டம். கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை. அது உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அதே நாட்களில் ஆக்ஸிமீட்டர் ரத்த ஆக்ஸிஜன் அளவை 94க்குக் கீழே காட்டியும், மருதாணி விரல், மெஷின் சரியில்லை என்று ஒரு ராத்திரியைக் கடத்திய வீடுகள் உண்டு. வேறு விரலில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அப்போதும் குறைந்தால் உடனே கிளம்ப வேண்டியதுதான்.

அப்புறம் சர்க்கரை, பிபி மாத்திரை. தொற்றுக்குப் பயந்து ஜிஎச் பக்கமே போகாமல் மாத்திரையை விட்டவர்கள், கபசுரக் குடிநீரை மட்டும் தவறாமல் குடித்தார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை கொரோனாவை இன்னும் மோசமாக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அம்மா அப்பா பெயர் இன்னும் சேராவிட்டால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.